சி பிளாக்கில் கொசு இல்லை

விரல் எரிந்தது. இந்த வாரக் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

செந்தூலில் ஓர் அடுக்குமாடி, சி பிளாக், ஏழாவது மாடி நடைபாதை. மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு வீட்டில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது, அடுத்த வீட்டில் மிளகாய்ச் சம்பால் வதங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கறுப்பு டின்னுக்குள் கையை விட்டிருந்தேன்.

காலையில் வெங்காயம் அரியும்போது ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டிருந்தேன். டின்னில் இருந்த தண்ணீர் பட்டதும் அந்த இடம் சுரீரென்றது. கோலாலம்பூர் குழாய்த் தண்ணீரைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், ஆனால் அது காயத்தில் பட்டு எரிந்து நான் பார்த்ததில்லை.

அக்கம் பக்கம் பார்த்தேன். யாருமில்லை. ஆய்வாளர் யாரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு. சாதாரண உப்பில்லை, ஊறுகாய் போடுகிற அளவுக்கு உப்பு.

சம்பளத்துக்குக் கொசு வளர்த்தவள்

போன வாரம் என் படிப்புக் கதையைப் படித்துவிட்டு, "பூச்சி படித்து என்னதான் செய்தீர்கள்?" என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொசு வளர்த்தேன் ஐயா. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஏர்கோன் அறையில் வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தேன். என் கணவருக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை.

எங்கள் ஆய்வு டிங்கிக் காய்ச்சலைப் பற்றியது. பழ ஈ போன்ற பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது. அதை டிங்கி பரப்பும் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால், டிங்கிக் கிருமி அந்தக் கொசுவுக்குள் சரியாக வளராது. அப்படிப்பட்ட கொசுக்களை வளர்த்து ஊருக்குள் விடுவோம். அவை உள்ளூர்க் கொசுக்களோடு சம்பந்தம் செய்து, குஞ்சு குளுவானுக்கெல்லாம் அந்த நுண்ணுயிரைக் கொடுத்துவிடும். சில மாதங்களில் அந்தப் பேட்டையின் கொசுக்கள் பெரும்பாலும் நம்ம ஆட்களாகிவிடும்.

ஒன்றை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் கொசு ஒழியாது. இருக்கும், கடிக்கும், காதில் பாடும். டிங்கி பரவுவதுதான் குறையும்.

விட்ட கொசு பிழைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கறுப்பு டின். உள்ளே கொஞ்சம் தண்ணீர், ஒரு சின்ன மரக்குச்சி. பெண் கொசுவுக்கு இருட்டான இடம் பிடிக்கும், வந்து குச்சியில் முட்டையிடும். வாரத்துக்கு ஒரு தடவை குச்சியை எடுத்துப்போய்ச் சோதிப்போம். முட்டை இருக்க வேண்டும். முட்டை இல்லையென்றால் எங்கள் பிழைப்பில் மண்.

சி பிளாக்கில் வாரக்கணக்காக ஒரு முட்டைகூட இல்லை.

யாருக்கு எந்த இரத்தம்

விஞ்ஞானம் என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் மட்டும் என்று நினைத்துத்தான் நானும் உள்ளே போனேன். முதல் சண்டையே சாப்பாட்டு விஷயத்தில் வந்தது.

பெண் கொசு முட்டையிட வேண்டுமானால் இரத்தம் குடிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கையேட்டில் பன்றி இரத்தம் என்று போட்டிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாதிக்குமேல் மலாய்ப் பெண்கள். அதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், நியாயம்தான். சரி, மாட்டு இரத்தம் என்றோம். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரத்தம் வைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்குத் தலைவலி வந்தது. கடைசியில் ஆட்டு இரத்தம் என்று முடிவாகி, கிள்ளான் சந்தையில் எனக்குத் தெரிந்த ஆட்டுக்கறிக்கடை பாயிடம் போய் நின்றேன். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர்.

"பாய், ரத்தம் வேணும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க ரத்தத்தை வடிய விட்டுத்தானேம்மா அறுக்கிறோம். யாரு சாப்பிடப் போறா?"

"கொசு."

"எது?"

"கொசு பாய். ஆராய்ச்சி."

தலையை ஆட்டினார். "எடுத்துட்டுப் போங்க. ஆனா ரத்தத்துக்குக் காசு வாங்கக்கூடாதுமா, எங்க மார்க்கத்துல அது ஹராம். சும்மாவே குடுக்கிறேன்."

அவருக்கு நல்ல மனசு, எனக்குத்தான் தலைவேதனை. அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆய்வில் சும்மா வருகிற பொருளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியவில்லை. "காசு வாங்கும் வேறு கடை பாருங்கள்" என்றார்கள். நான் பார்க்கவில்லை. கொசுக்கள் பாய் கொடுத்த இரத்தத்தைக் குடித்துக் கொழுகொழுவென்று இருந்தன, அது எனக்குப் போதும்.

அப்புறம், கொசுவை விடக் கொண்டுபோகும் பெட்டியின் மூடி. முதலில் நீல மூடி வாங்கினோம். அது ஒரு கட்சியின் நிறம் என்று ஒரு பிளாக்கில் உள்ளே விடவில்லை. பச்சை இன்னொரு கட்சி. சிவப்பு, வெள்ளை, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் இருந்தார். காப்பித்தூள் நிறத்தில் தனியாகச் சொல்லி வாங்கினோம். அந்த நிறத்தில் கட்சி தொடங்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

கொசு விட நல்ல நேரம் வெயில் ஏறாத காலை என்பது ஆய்வின் கணக்கு. திங்கள் காலை ஏழரை மணி என்று அட்டவணை போட்டேன். "திங்கக்கிழமை ஏழரைக்கு ராகு காலம் லா டாக்டர்" என்று குடியிருப்பவர்கள் வந்து நின்றார்கள். படித்த எனக்கே அது உறைக்கவில்லை என்று அவர்களுக்கு என்மேல் வருத்தம் வேறு. புதன்கிழமைக்கு மாற்றினேன். கொசு ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

சூராவ் எனப்படும் அந்த அடுக்குமாடித் தொழுகைக்கூடத்து இமாம் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "இறைவன் படைப்பை நீங்கள் மாற்றுகிறீர்களா?" என்றார். இல்லை, பழ ஈயில் ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுக்கிறோம் என்றேன். "அப்படியென்றால் ஒரு வீட்டில் இருந்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள்" என்று அவரே முடித்துவைத்தார். எங்களுக்குப் பணம் ஒதுக்கிய குழு, பக்கம் பக்கமாக எழுதி வாங்கியும் அவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ளவில்லை.

பரமேஸ்வரி அக்கா

இத்தனையும் தாண்டி சி பிளாக்குக்குள் எங்களை நுழையவிட்டவர் பரமேஸ்வரி அக்கா. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். காலையில் பிளாக்குக்குக் கீழே நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பார். கீழே நின்று பேசினால் பத்தாவது மாடிக்குக் கேட்கும், மைக் தேவையில்லை.

அவருக்கு ஒரே மகள், கவிதா. மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கவிதாவுக்கு இரண்டு முறை டிங்கி வந்திருந்தது. முதல் முறை வீட்டிலேயே கஞ்சி குடித்து எழுந்துவிட்டாள். இரண்டாம் முறை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அவள் பிழைத்ததே பெரிது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "திரும்பவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் இப்படித் தப்பிக்க முடியும் என்று சொல்ல முடியாது" என்று சொல்லியிருந்தார்.

அதனால், கொசு விடப் போகிறோம் என்று நாங்கள் கூட்டம் போட்டபோது, ஊரே எங்களைத் துரத்தப் பார்க்க, அந்த ஒரு பெண்மணி மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். அடுத்த நாளிலிருந்து வீடு வீடாக ஏறினார்.

"எம்மவளுக்காகக் கேக்கிறேன். நாளைக்கு உங்க பிள்ளைக்கு வந்தா யாருகிட்ட கேப்பீங்க?" என்று அவர் கேட்டால் எதிரே நிற்பவர் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் போட்டார்கள்.

இப்போது அந்த பிளாக்கில்தான் முட்டை இல்லை. ஏ பிளாக்கில் இருக்கிறது, பி பிளாக்கில் இருக்கிறது. சி பிளாக் டின்களில் மட்டும் சுத்தமாக ஒன்றுமில்லை.

எங்கள் தலைவர் டாக்டர் லிம் நல்லவர், ஆனால் கோபக்காரர். "சம்மதம் கொடுத்துவிட்டுப் பின்னால் மருந்து அடித்துக் கொல்கிறார்கள். நம்மை முட்டாளாக்குகிறார்கள்" என்று மேசையைத் தட்டினார். தேர்தல் நேரம் வேறு. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் புகை அடிக்கும் வண்டிதான் பிடிக்கும். புகை கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கொசுவோடு நின்று யார் படம் எடுப்பார்? சி பிளாக்கை விட்டுவிடுங்கள், நாங்கள் புகை அடித்துக்கொள்கிறோம் என்று அவர் தரப்பிலிருந்து நெருக்கினார்கள்.

புகை அடித்தால் எங்கள் கொசு செத்துவிடும். கொஞ்ச நாளில் வெளியிலிருந்து பழைய கொசு வந்து குடியேறும். கவிதா மறுபடியும் அதே ஆபத்தில்.

"அடுத்த கூட்டத்துக்குள் காரணம் கண்டுபிடி, இல்லையென்றால் சி பிளாக்கை நீக்குகிறேன்" என்றார் டாக்டர் லிம். அப்படித்தான் நான் அந்த நடைபாதையில், கருவாட்டுக்கும் சம்பாலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன்.

உப்புக் கூடை

ஏழாவது மாடியில் எல்லா டின்னையும் நக்கிப் பார்க்காத குறைதான். எல்லாவற்றிலும் உப்பு. குச்சிகளில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நாங்கள் தண்ணீர்த் தொட்டிச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தோம். அவ்வளவு உப்பில் எந்தக் கொசுவும் முட்டையிடாது, இட்டாலும் பொரிக்காது.

அஸ்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எங்கள் குழுவின் புள்ளிவிவரக்காரி, என் தோழி, அன்று கீழே காரில் இருந்தாள். அவள் மேலே வருவதற்குள் மின்தூக்கி திறந்து பரமேஸ்வரி அக்கா இறங்கினார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடை நிறையக் கல் உப்பு.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "டாக்டர், நீங்களே வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

"அக்கா, என்னக்கா அது?"

"உப்பு லா."

"டின்னுல போடவா?"

"ஆமா, உங்க ஆளுங்க தண்ணி மாத்திட்டுப் போன பிறகு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடி போட்டுருவேன்." சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. "ஏங்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தியேவிட்டேன். இரண்டு கதவுகள் திறந்தன.

அக்காவுக்கு முகம் மாறியது. கூடையைக் கீழே வைத்தார்.

"டாக்டர், நீங்க கறுப்பு டின்னக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டீங்க. உள்ள தண்ணி, ஒரு குச்சி, மேல நம்பர் எழுதின சீட்டு. பாக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்? யாரோ செய்வினை வெச்ச மாதிரி இல்ல? மொத நாளே முக்கால்வாசிப் பேரு குப்பையில போடப் பாத்தாங்க. நாந்தான் தடுத்தேன். உப்பு போட்டுட்டா எந்த வினையும் வேலை செய்யாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் வெச்சுக்கிட்டாங்க."

கதவைத் திறந்து நின்ற ரோஹானி என்ற மலாய்ப் பெண்மணி தலையாட்டினார். "எங்க வீட்டுலயும் உப்பு போடுவோம்" என்று மலாயில் சொன்னார். அஸ்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "எங்க அம்மாகூடச் செய்வாங்க" என்றாள், சிரிப்புக்கு நடுவில்.

நான் சிரிக்கவில்லை. உப்பால் முட்டை இல்லை, முட்டை இல்லாததால் சி பிளாக்கை நீக்கப் போகிறார்கள், புகை வண்டி வரப்போகிறது என்று சொன்னேன். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

பரமேஸ்வரி அக்கா அப்படியே நடைபாதைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்னாலதானா? எம்மவளுக்காகச் சுத்திச் சுத்தி வந்து, கடைசில நானே கெடுத்துட்டேனா?"

அந்தக் குரல் பத்தாவது மாடிக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்தியதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. அவர் உப்புப் போடாமல் இருந்திருந்தால் அங்கே ஒரு டின்கூட இருந்திருக்காது. அதை நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

வெளியே கட்டினால்?

சரி, உப்பை நிறுத்திவிடலாம் என்றால், ரோஹானி ஒரே வார்த்தையில் முடித்தார். உப்பு வேண்டாம் என்றால் டின்னும் வேண்டாம். பின்னால் இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். டின்னுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டார் ஒருவர். கொசு வராது என்றேன்.

அரை மணி நேரம் அந்த நடைபாதையில் நடந்தது போன்ற ஓர் ஆய்வுக் கூட்டத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. எனக்குக் கொசு வேண்டும், அவர்களுக்கு உப்பு வேண்டும்.

"அக்கா, உப்பு உள்ளதான் இருக்கணுமா? வெளியில கட்டினா வேலை செய்யாதா?" என்று கேட்டேன்.

அக்கா நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அங்கே அவருக்குத்தான் இருந்தது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"கடை வாசல்ல படிகாரத்தத் துணியில கட்டித்தானே தொங்க விடுறாங்க? செய்யும் லா. ஏன் செய்யாது?"

ரோஹானி யோசித்து, சரி என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து, சின்னச் சின்னப் பொட்டலமாக உப்பு கட்டி, டின்களுக்கு வெளியே அடிப்பக்கமாகச் சேர்த்துக் கட்டினோம். அஸ்மாவும் முடிச்சுப் போட்டாள். டின்களை நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டோம்.

டாக்டர் லிம்மிடம் இதைச் சொல்வதுதான் பெரிய சோதனை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார். "இதை ஆய்வுக் கட்டுரையில் நான் எப்படி எழுதுவது?" என்றார். கடைசியில் அவரே எழுதினார். டின் காற்றில் சாயாமல் இருக்க வெளியே ஒரு சிறு எடை கட்டப்பட்டது என்று. எடை எதனால் ஆனது என்று வெளிநாட்டிலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை. அதோடு, புகை வண்டியையும் எப்படியோ சில வாரம் தள்ளிப்போட வைத்தார். அந்தக் கோபக்கார மனிதருக்கு அதற்காகவே ஒரு கும்பிடு.

நம்ம கொசுவா?

முதல் வாரம் ஒன்றுமில்லை. அக்கா தினமும் தொலைபேசியில் கூப்பிட்டார். "இருக்கா டாக்டர்?" "இன்னும் இல்லக்கா." ஊரில் எல்லோரும் கொசு போகவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அந்தப் பெண்மணி கொசு வரவேண்டும் என்று பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். எனக்கும் தூக்கம் வரவில்லை.

அடுத்த தடவை எடுத்த குச்சிகளை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தபோது, ஏழாவது மாடிக் குச்சியில் கறுப்பாக, வரிசையாக, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல முட்டைகள். அழகான முட்டைகள். ஆய்வுக்கூடத்தில் நான் போட்ட சத்தத்தில் அஸ்மா காப்பியைக் கொட்டிவிட்டாள்.

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, கொசு இருக்கு!"

அவர் உடனே கேட்டார்: "நம்ம கொசுவா, பழைய கொசுவா?"

அது சரியான கேள்வி. முட்டையைப் பொரிக்கவிட்டு, உள்ளே அந்த நுண்ணுயிர் இருக்கிறதா என்று சோதித்தால்தான் பதில் தெரியும். இன்னும் சில நாள் பொறுங்கள் என்றேன். அந்தச் சில நாள் போன விதம் எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

முடிவு வந்ததும் தொலைபேசியை எடுக்கவில்லை. நேராகக் காரை எடுத்துக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். நேரில் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாசலிலேயே சொன்னேன். "நம்ம கொசுதான்கா. முக்கால்வாசிக்கு மேல நம்ம கொசு."

அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அவர் உடம்பு முழுக்கப் பண்டான் இலையும் தேங்காய்ப் பாலும் மணத்தது. இரண்டு பேருமே அழுதோம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது எனக்கு. எதிர்வீட்டு ரோஹானி எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டார். கொசு இருக்கிறது என்று அக்கா சொன்னார். "அல்ஹம்துலில்லா" என்று ரோஹானி நெஞ்சில் கை வைத்தார்.

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டார். கவிதா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டின் பால்கனிக் கதவை அக்கா திறந்ததே இல்லையாம். வெயிலோ புழுக்கமோ, மூடியேதான் இருக்கும். அவள் கையைத் தட்டிக் கொசு அடிக்கும் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவள் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாராம். கவிதாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அக்கா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போய் பால்கனிக் கதவைத் திறந்தார். காற்று வந்தது. கோமுட்டர் ரயில் போகும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு மேல் ஆகியிருந்தது, கொசு வரும் நேரம்.

பேசிக்கொண்டிருந்தோம். கவிதாவின் கல்யாணத்துக்கு இடம் பார்ப்பது, தேங்காய் விற்கிற விலை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நடுவில் பட்டென்று ஒரு சத்தம். கவிதா தன் முழங்கையில் ஒன்று போட்டிருந்தாள்.

அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சீனி போதுமா டாக்டர்?" என்றார்.